நானாக விட்டேன் என்று சொல்லாதே

சேகர்,

நலம் விசாரிப்பதெல்லாம் இன்றைக்கு இல்லை. கோபமாக இருக்கிறேன். ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். ஆறவில்லை. ஆறக் கூடாது என்றும் இப்போது தோன்றுகிறது, ஆறினால் நான் வழக்கம்போல "சரி, போகட்டும்" என்று அடுப்படிக்குப் போய்விடுவேன். இதுவரை அப்படிப் போய்ப் போய்த்தான் இந்த நிலைமைக்கு வந்திருக்கிறோம்.

வெள்ளிக்கிழமை காலையில் சுமதி வந்தாள். கல்யாணத்துக்கு ஒரு மாதம்கூட இல்லாத பெண், தங்கையைத் துணைக்கு வைத்துக்கொண்டு வேலூரிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறாள். கோயிலுக்கு வந்தேன், அப்படியே உங்களையும் பார்க்கலாம் என்று வந்தேன் என்றாள். நெற்றியில் விபூதி இல்லை, கையில் பிரசாதம் இல்லை. கோயில் பக்கமே போகவில்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. காபி கொடுத்தேன். டம்ளரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்.

"அத்தை, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே?"

"கேளும்மா."

"மெட்ராஸ்ல இருந்து வாய்ஸ் டெஸ்டுக்குக் கூப்பிட்டிருக்காங்க. படத்துல பாடறதுக்கு. உங்க பையன் வேணாங்கறாரு. கல்யாணத்துக்கு அப்புறம் மேடைக் கச்சேரியும் வேணாம்னுட்டாரு. 'எங்கம்மா எத்தனை பாட்டு பாடினவங்க தெரியுமா, எனக்காகத் தானா விட்டுட்டாங்க, ஒரு நாளும் அதுக்காக வருத்தப்பட்டதில்ல, நீயும் போகப் போக சரியாயிடுவே'ன்னாரு. நெஜமாங்க அத்தை? உங்களுக்கு வருத்தமே இல்லயா?"

நீ அவளை அடித்திருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்குமா, தெரியவில்லை. பாடாதே என்பதோடு நீ நிறுத்தியிருந்தால், என் மகன் ஒரு மடையன் என்று நினைத்துக்கொண்டு அவளுக்காக உன்னிடம் சண்டை போட்டிருப்பேன். நீ என்னைக் கொண்டுபோய் அந்தப் பெண்ணின் வாயை அடைத்திருக்கிறாய். என் வாழ்க்கையைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறாய். என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பதும் எனக்கு நிச்சயமில்லை, அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேள். உனக்குத் தெரிந்ததெல்லாம் பாதிக் கதை. அந்தப் பாதியும் பொய்.

உன் தாத்தா மைக் செட் வைத்திருந்தார் என்பது உனக்குத் தெரியும். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் இந்த ஊரில் எங்கள் ஸ்பீக்கர் குழாய்தான் மரத்தில் ஏறும். நான் பாட்டு வாத்தியாரிடம் போய்ப் படித்தவள் இல்லை. எனக்கு வாத்தியார் அந்த இசைத்தட்டுகள்தான். ஒவ்வொரு தட்டிலும் பாடியவர் மூச்சை எங்கே எடுக்கிறார், சொல்லை எங்கே வழுக்கவிடுகிறார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். உனக்கு நாலு வயது இருக்கும்போது பெரிய தெருவில் ஒரு கல்யாணம். என் அப்பாவுக்குக் கையில் அடிபட்டிருந்ததால் தட்டு மாற்ற நான் போயிருந்தேன். நீ என் இடுப்பில். கூட்டம் நிறைந்திருந்த நேரத்தில் முள் ஒரு கோட்டில் மாட்டிக்கொண்டு, ஒரே வரி திரும்பத் திரும்பக் கத்த ஆரம்பித்தது. பந்தலில் சிரிப்பு. அப்பா முகம் சுருங்கிப் போயிற்று. நான் முள்ளைத் தூக்கினேன், மைக்கை எடுத்தேன், விட்ட இடத்திலிருந்து அதே குரலில் பாடி முடித்தேன். யாருக்கும் தெரியவில்லை. வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவர்கள் மடித்துக்கொண்டே இருந்தார்கள். ஒரே ஒருவர் மட்டும் தட்டியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்து நின்றார்.

"ஏம்மா, தட்டு நின்னுபோச்சு. பாட்டு ஓடுதே, எப்படி?"

அவர் பெண் வீட்டுக்கு உறவு. மெட்ராசில் சினிமாவுக்கு வயலின் வாசிக்கிறவர், ஒரு இசையமைப்பாளரிடம் உதவியாளராகவும் இருந்தார். கடைசிவரை நான் அவரை வயலின் அண்ணன் என்றுதான் கூப்பிட்டேன். அன்றைக்கே உன் அப்பாவிடம் பேசினார். உன் அப்பா மாட்டேன் என்று சொல்லவில்லை. அதையும் நான் மறைக்கக் கூடாது. செஞ்சி வழியாகப் போகும் காலை பஸ்ஸில், கூட்டுறவுச் சங்கத்துக்கு லீவு போட்டுவிட்டு, பிளாஸ்கில் வெந்நீர் பிடித்துக்கொண்டு என்னைக் கோடம்பாக்கத்துக்குக் கூட்டிப் போனவர் அவர்தான். முதல் பாட்டுத் தட்டு வந்தபோது அதை ஆபீசுக்கு எடுத்துப் போய் ஒவ்வொரு மேஜையாகக் காட்டியவரும் அவர்தான்.

முதல் பாட்டு ஒரு சிறுமிக்கு. அடுத்தது ஒரு கிழவிக்கு. குடிகாரனின் பெண்டாட்டி, குறி சொல்கிறவள், நாற்று நடுகிறவள், ஒப்பாரி வைக்கிறவள், கிளப்பில் ஆடுகிறவள் எல்லாம் நான். தெலுங்கையும் கன்னடத்தையும் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு பாடினேன். "எந்தக் குரல் வேணும்னாலும் அந்தத் திருவண்ணாமலைப் பொண்ணைக் கூப்பிடு" என்பார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது. அது எவ்வளவு பெரிய குழி என்று புரிய வருஷங்கள் ஆயின. கதாநாயகிக்கு ஒரு பாட்டாவது கொடுங்கள் என்று ஒரு தயாரிப்பாளரிடம் நானே கேட்டேன். "உனக்குன்னு ஒரு குரல் இல்லையேம்மா" என்று சிரித்தார். எல்லாரைப் போலவும் பாட வைத்தார்கள், பிறகு உன்னைப் போல் நீ பாடவில்லையே என்றார்கள். அன்றைக்குத் தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். இன்றைக்கு அந்த ஆள் எதிரில் வந்தால் சும்மா விடமாட்டேன்.

ஒரு பாட்டைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டும், நீயும் அங்கே இருந்தாய். ஒரு பெண்ணின் நாலு பருவம், நாலு சரணம். ஊஞ்சலாடும் குழந்தை, கல்யாணப் பெண், பிள்ளையைத் தாலாட்டுகிறவள், பல் போன கிழவி. நாலையும் நான் ஒருத்தியே பாட வேண்டும். அந்தக் காலத்தில் வெட்டி ஒட்டுகிற வேலை இல்லை. நாற்பது வாத்தியக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள், யார் தப்பு செய்தாலும் முதலிலிருந்து. குழந்தைக்கு மைக்கை விட்டு ஓரடி பின்னால் போவேன், கல்யாணப் பெண்ணுக்கு மைக்கை ஒட்டி நிற்பேன், கிழவிக்குக் கீழுதட்டைப் பல்லுக்கு உள்ளே மடித்துக்கொள்வேன். உன்னை விட்டுவர ஆள் இல்லாமல் கூடவே கூட்டி வந்திருந்தேன். மூன்றாவது டேக். கிழவிக்கு வந்துவிட்டேன், இன்னும் இரண்டே வரி. என் குரல் மாறியதைக் கேட்டுப் பயந்துபோய் நீ "அம்மா!" என்று கத்தினாய். எல்லாம் நின்றது. நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். உன்னை வெளியே இழுத்துப் போய் முதுகில் ஓங்கி அறைந்தேன். உனக்கு நினைவிருக்காது. எனக்கு இருக்கிறது. என் உள்ளங்கை எரிந்தது. உன் கண்ணைக்கூடத் துடைக்காமல் திரும்பி வந்து நாலாவது டேக்கில் பாடினேன், அதுதான் தட்டில் இருக்கிறது. பாட்டு ஊரெல்லாம் ஓடியது. நாலு பேர் பாடியிருக்கிறார்கள் என்றுதான் ஜனங்கள் நினைத்தார்கள். தட்டின் மேல் கதாநாயகனுக்காக நடுவில் இரண்டு வரி பாடியவர் பெயரைப் போட்டு, பக்கத்தில் "குழுவினர்" என்று போட்டிருந்தார்கள். சேகர், அந்தக் குழுவினர் நான்தான். நான் ஒருத்தி.

பிறகு அந்தக் கிளப் பாட்டு வந்தது. மூச்சை இழுத்து இழுத்துப் பாட வேண்டிய பாட்டு. பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் காலை முதல் அதுதான் ஓடும். உன் அப்பா ஆபீசுக்குள் நுழைந்தால் எவனோ ஒருவன் ஃபைலுக்குப் பின்னாலிருந்து அந்த மூச்சை விடுவானாம். ஒரு நாள் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஊர்ல தலை காட்ட முடியலம்மே. இன்னா பாட்டு அது?"

"அது வேஷம்ங்க. கிழவியாப் பாடினேனே, கிழவி ஆயிட்டேனா? ஒப்பாரி வெச்சேன், நீங்க செத்தா போயிட்டீங்க?"

கடைசி வார்த்தை அதிகம்தான். சொல்லியிருக்கக் கூடாது. அதற்குப் பிறகு வெந்நீர் பிளாஸ்க் நின்றது. தனியாகத்தான் போய் வந்தேன்.

நீ ஆறாவது படித்த வருஷம் நான் கேட்டுக் கேட்டு ஓய்ந்த வாய்ப்பு கிடைத்தது. புதுக் கதாநாயகி, ஐந்து பாட்டு, ஐந்தும் எனக்கு. வயலின் அண்ணன் என்னை இசையமைப்பாளர் முன்னால் உட்கார வைத்தார். பெரியவர் ஹார்மோனியத்தை மூடிவிட்டுச் சொன்னார்: "இந்தப் படத்துல நீ யார் மாதிரியும் பாட வேணாம். உன் மாதிரி பாடு." திரும்பி வரும் பஸ்ஸில் அந்த வார்த்தையை நினைத்து நினைத்து, பக்கத்தில் இருந்த கிராமத்து அம்மா என்னைப் பைத்தியம் என்று நினைக்கிற அளவுக்குச் சிரித்துக்கொண்டே வந்தேன். தேதி குறித்துக் கடிதம் போடுவோம் என்றிருந்தார்கள். தபால்காரர் மணிச் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடினேன். கடிதம் வரவில்லை. நானே எழுதிக் கேட்க ரோஷம் இடம் கொடுக்கவில்லை. படம் வந்தது. நம் ஊர்க் கொட்டகையில் உன்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். என் ஐந்து பாட்டையும் வேறொரு பெண் பாடினாள். நன்றாகத்தான் பாடினாள். "ஏம்மா அழறே?" என்று கேட்டாய். "கதை அப்படிடா" என்றேன். திரையில் அப்போது சிரிப்புக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு வருஷம் கழித்து, கார்த்திகை தீபத்துக்கு வந்திருந்த வயலின் அண்ணனைச் சன்னதித் தெருவில் பார்த்தேன். கூட்டம் இடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. வளையல் கடை ஓரம் ஒதுங்கி நின்றோம்.

"என்னம்மா, இப்படிப் பண்ணிட்டே? பெரியவர் எவ்ளோ வருத்தப்பட்டார் தெரியுமா?"

"நான் என்னண்ணே பண்ணேன்?"

"நாங்க தேதி எழுதினதுக்கு நீதானே பதில் போட்டே? 'மகனின் படிப்பை முன்னிட்டும் குடும்ப நலனைக் கருதியும் பாடுவதை என் சொந்த விருப்பத்தின் பேரில் நிறுத்திக்கொள்கிறேன் என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்'னு. எனக்கு இன்னும் அப்படியே ஞாபகம் இருக்கு. நீ இவ்ளோ நல்லா எழுதுவியான்னு ஆச்சரியப்பட்டேன்."

தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். அது கூட்டுறவுச் சங்கத்துத் தமிழ் என்று எனக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. வந்த கடிதத்தைத் தபாலாபீசிலேயே வாங்கி வைத்துக்கொண்டு, என் பெயரில் பதில் எழுதி, என் கையெழுத்தையும் போட்டு அனுப்பியிருக்கிறார். நான் வாசலில் தபாலுக்கு நின்றதையெல்லாம் பார்த்துக்கொண்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டிருக்கிறார்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். இதைத்தான் பிறகு சொல்கிறேன் என்றேன். அந்த வளையல் கடை ஓரத்தில் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆமாண்ணே, நான்தான் எழுதினேன்" என்றேன். என் புருஷன் என்னை ஏமாற்றிவிட்டான் என்று நடுத்தெருவில் சொல்ல வாய் வரவில்லை. ஏமாந்தவள் என்று இருப்பதைவிட, தியாகம் செய்தவள் என்று இருப்பது கௌரவமாகப்பட்டது. "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல, வர்றியா?" என்று அவர் கேட்டார். "இல்லண்ணே, பையன் படிப்பு இருக்கு" என்றேன். அவர் கூட்டத்தோடு போய்விட்டார். வீட்டுக்கு வந்து உன் அப்பாவைக் கேட்டேன்.

"எழுதினீங்களா?"

"எழுதினேன்" என்றார். மறுக்கவில்லை. "உன் நல்லதுக்குத்தான்."

அப்புறம் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்தப் பொய் அவர் பேனாவில் பிறந்தது, வளர்த்தது நான். சொந்தக்காரர்கள் "பிள்ளைக்காகப் பாட்டையே விட்டவ" என்று சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டேன். இனிக்கத்தான் செய்தது. கணக்கில் நீ மார்க் கம்மியாக வாங்கி வந்த நாளெல்லாம் "உனக்காகத்தானேடா எல்லாத்தையும் விட்டேன், படிக்காம ஊர் சுத்தறியே" என்று உன்னைக் குத்தினேன். ஒரு குழந்தையின் தலையில் ஏற்றக் கூடாத சுமை அது. அதைச் சுமந்துகொண்டே படித்து, ஓசூரில் வேலைக்கும் போய்விட்டாய். எனக்கு எதிலும் நீ குறை வைக்கவில்லை. ஆனால் அம்மாக்கள் விட்டுக்கொடுப்பார்கள், விட்டுக்கொடுத்துவிட்டு சந்தோஷமாக இருப்பார்கள் என்று உனக்குப் பாடம் நடத்தியவள் நான். நீ சுமதியிடம் சொன்னது என் வாயிலிருந்து எடுத்த வாக்கியம். அதனால்தான் இவ்வளவு கோபம். பாதி உன் மேல், பாதி என் மேல். உன் அப்பாவுக்குத் தனியாக நிறைய இருக்கிறது.

அதற்காக உன்னை விட்டுவிடுவேன் என்று நினைக்காதே. நான் சொன்ன பொய்யை நம்பியது உன் தப்பில்லை. அதைக் கொண்டுபோய் இன்னொருத்தியின் கழுத்தில் கட்டப் பார்த்தது உன் தப்புதான். பெண் பார்க்கப் போன அன்றைக்கு அவள் பாடியதைக் கேட்டு வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தவன் நீ. திரும்பி வரும்போது பஸ்ஸில் அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தாய். எதைப் பார்த்து ஆசைப்பட்டாயோ அதையே முதலில் வெட்டுகிறாயே, இது என்ன ஆசை? உன் ஆபீசில் எவனாவது ஏதாவது சொல்வான் என்ற பயமா? சொல்லத்தான் செய்வான். உன் அப்பாவிடமும் சொன்னார்கள். சொன்னவர்களெல்லாம் ரிட்டயராகிப் போய்விட்டார்கள், அவர்கள் பெயர்கூட இன்றைக்கு அவருக்கு நினைவில்லை.

வெள்ளிக்கிழமை சுமதியிடம் இதை முழுவதும் சொல்லிவிட்டேன். வார்த்தை மாறாமல். தங்கைக்காரி வாயைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டாள். சுமதி டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு, "ஒரு வரி பாடுங்களேன் அத்தை" என்றாள். அந்தச் சிறுமியாகப் பாடினேன். கிழவியாகப் பாடினேன். இரண்டு பேரும் கைதட்டிச் சிரித்தார்கள். "இப்ப உங்க குரல்ல பாடுங்க" என்றாள். வாயைத் திறந்தேன். எந்தக் குரலை எடுப்பது என்று தெரியவில்லை, சேகர். யார் யார் குரலோ வரிசையாக வந்து நின்றது, என் குரல் வரவில்லை. அந்த ஐந்து பாட்டைப் பாடியிருந்தால் தெரிந்திருக்கும். கண்டுபிடிப்பதற்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். சுமதியின் சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் போறேன் அத்தை. நீங்க கூட வர்றீங்களா?" என்றாள்.

உன் அப்பா உள் அறையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பெண்கள் போன பிறகு வெளியே வந்தார்.

"இதெல்லாம் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லணுமா? பையன் காதுக்குப் போனா என்னைப் பத்தி இன்னா நெனப்பான்?"

"நெனக்கட்டும்."

"நீ போனா திரும்பி வரமாட்டேன்னு பயந்துட்டேன்" என்றார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகச் சொல்கிறார்.

"நான் போன ஒவ்வொரு தடவையும் ராத்திரி பஸ்ஸுலயே திரும்பி வந்தேனே. ஒரு தடவையாவது வராம இருந்தேனா?"

அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் மன்னிக்கவில்லை. மன்னித்துவிட்டாயா என்று நீ கேட்காதே, அது எனக்கும் அவருக்கும் இடையில்.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் நானும் சுமதியும் மெட்ராஸ் போகிறோம். அவள் அப்பாவிடம் நானே பேசிவிட்டேன். முதலில் தயங்கினார். மாப்பிள்ளைக்குச் சம்மதமா என்றார். மாப்பிள்ளையின் அம்மாவுக்குச் சம்மதம் என்றேன். அதற்கு மேல் அந்த மனிதர் தடுக்கவில்லை. இனி நீ செய்ய வேண்டியது. வியாழனுக்கு முன்னால் சுமதியைப் பார்த்து, உன் வாயால், உன் வார்த்தையில் பேசு. பாடு என்று அனுமதி கொடுக்கப் போகாதே, அனுமதி கொடுக்க நீ யார்? நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று மட்டும் சொல். வாய்ஸ் டெஸ்டில் அவள் தேறலாம், தேறாமலும் போகலாம். தேறாவிட்டால், நான் அப்பவே சொன்னேனே என்கிற முகத்தை அவளிடம் காட்டாதே. தேறிவிட்டால் நாளைக்கு அவள் எப்படிப்பட்ட பாட்டெல்லாம் பாட நேரும் என்று எனக்குத் தெரியும். எவனாவது உன் காதுபட மூச்சு விடுவான். அன்றைக்கு நீ வீட்டுக்கு எந்த முகத்தோடு வருகிறாய் என்பதில்தான் உன் கல்யாணம் இருக்கிறது.

அவளால் உன்னை நம்ப முடியவில்லை, கல்யாணம் வேண்டாம் என்றால், பத்திரிகை அடித்தாயிற்று, மண்டபம் பேசியாயிற்று என்று நான் வந்து நிற்க மாட்டேன். அவள் பக்கம் நிற்பேன். பெற்ற பிள்ளையை விட்டு யாரோ ஒருத்தி பக்கம் நிற்கிறாளே என்று ஊர் பேசட்டும். நீ என் பிள்ளை என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன். வேறு எவனாவது இருந்தால் இரண்டு வரியில் முடித்திருப்பேன்.

இனிமேல் என் கதையை யாரிடமும் உதாரணம் காட்டாதே. காட்டித்தான் ஆக வேண்டும் என்றால், எங்கம்மா பாடினாங்க, நிறுத்திட்டாங்க, அவங்களை யாரும் கேட்கவே இல்லை என்று சொல்.

அம்மா